ஈட்டியும் கேடயமும்: மனக்கசப்பை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

சிங்கப்பூரில் மாலை வகுப்பு ஒன்றில், சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி, அறை மாற்றித் தரச் சொல்லி விடுதி மேலாளருக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். "எனக்கும் அறைத்தோழிக்கும் கான்ட்ரடிக்‌ஷன் இருக்கிறது" என்பது முதல் வரி. யார் பேச்சில் முரண்பாடு என்று மேலாளர் திருப்பிக் கேட்டிருக்கிறார். "நான் என்ன தப்பாக எழுதினேன், லாவ்ஷி (ஆசிரியரே)?" என்றார் மாணவி.

அவர் மேல் தப்பே இல்லை. சீனத்தில் 'மாவ்துன்' என்றொரு சொல். மாவ் என்றால் ஈட்டி, துன் என்றால் கேடயம். கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் சொன்ன கதையிலிருந்து வந்தது. சூ நாட்டு வியாபாரி ஒருவன், தன் கேடயத்தை எதுவும் துளைக்காது என்றான். அடுத்த மூச்சிலேயே தன் ஈட்டி எதையும் துளைக்கும் என்றான். "உன் ஈட்டியால் உன் கேடயத்தையே குத்தினால்?" என்று ஒருவர் கேட்க, வாயடைத்துப் போனான். இன்று அந்தச் சொல் தர்க்க முரணுக்கும் ஆகும், மாமியார் மருமகள் பூசலுக்கும் ஆகும். ஆங்கிலக் கான்ட்ரடிக்‌ஷன் முதலாவதற்கு மட்டும்தான். ஆட்களுக்குள் என்றால் கான்ஃப்ளிக்ட். சம்பளம், வாடகை என்று குறிப்பிட்ட ஒன்றுக்காக என்றால் டிஸ்ப்யூட். சும்மா ஒத்துவரவில்லையா, 'வி டோன்ட் கெட் அலாங்' போதும்.

நான் அதிகம் பயப்படுவது 'ஃபைட்' என்ற சொல்லுக்குத்தான். சீனத்தில் வாய்ச்சண்டை ச்சாவ்ஜியா, கைகலப்பு தாஜியா. ஆங்கில ஃபைட் இரண்டுக்கும் ஓடும். வேலையிடத்தில் 'வி ஹேட் எ ஃபைட்' என்று சொன்னால், கை ஓங்கியது யார் என்றுதான் மேலதிகாரி முதலில் யோசிப்பார். வெறும் வாக்குவாதமாக இருந்தால் ஆர்க்யுமென்ட் என்றே சொல்லுங்கள். இது உங்கள் வேலையையே பாதிக்கக்கூடிய விஷயம்.

அப்புறம் 'ஐ அகெய்ன்ஸ்ட் திஸ்'. 'இதை எதிர்க்கிறேன்' என்று சொல்ல நினைத்து எழுதுவது; எதிர்ப்பதைக் குறிக்கும் சீன 'ஃபான்துவே' வினைச்சொல் என்பதால் வரும் பிழை. அகெய்ன்ஸ்ட் வினை அல்ல. 'ஐ ஆம் அகெய்ன்ஸ்ட்' அல்லது 'ஐ அப்போஸ்'.

சரி, அந்தக் கடிதத்துக்கு வருவோம். உண்மையில் என்னதான் நடக்கிறது என்று கேட்டேன். இரவு 11 மணிக்கு மேல் தோழி ஸ்பீக்கரில் போன் பேசுகிறாராம். இவருக்குக் காலை 5 மணிக்கு வேலை. அதையே இரண்டு எளிய வாக்கியமாக எழுதினோம். மறுநாள் மேலாளர் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார்.