அவன் நரகத்தில் இருக்கிறான் என்று யார் சொன்னது?

ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டேதான் அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்தார். மாலையின் பத்துப் பத்து மணிகளை உருட்டி முடித்ததும் ஒவ்வொரு முறையும் வரும் சிறு மன்றாட்டை ஐந்து மாதங்களாகத் தன்னால் சொல்ல முடியவில்லை என்றார். ‘எங்களை நரக நெருப்பிலிருந்து மீட்டருளும்’ என்னும் இடம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. “என் பிள்ளை அங்கேதானே கிடக்கிறான், மேடம்? நான் மட்டும் தப்பித்து என்ன செய்யப் போகிறேன்?”

மகன் தற்கொலையில் இறந்திருந்தான். உடல் வீட்டில் இருக்கும்போதே உறவினர் ஒருவர், “இப்படிச் செத்தவர்களுக்கு நரகம்தான்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்தவர் சொன்ன ஒரே வாக்கியம்.

புதுச்சேரியில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த வாக்கியம் பழக்கமானது. இங்குள்ள பேராலயமான சம்பா கோவிலின் வாசல்வரை வந்து, உள்ளே போகாமல் திரும்பியதாகச் சொன்ன தாய்மார்கள் உண்டு. சாவுத் துயரம் பொதுவாக நாளாக ஆக ஓரளவு தணியும். இங்கே தணிய வழியே இல்லை. தாயின் மனக்கண்ணில் பிள்ளை இன்றைக்கும் எரிந்துகொண்டிருக்கிறான். தூக்கமும் பசியும் போகின்றன. ‘நானும் அவனிடமே போகிறேன்’ என்ற எண்ணம் அதற்குப் பிறகு வருகிறது. இதை இறையியல் விவாதமாக நினைத்து ஒதுக்காதீர்கள், உயிர் ஆபத்து இருக்கிறது. அப்படிப்பட்ட பேச்சு காதில் விழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

அந்த உறவினர் சொன்னது இன்றைய கத்தோலிக்கப் போதனை அல்ல. ஒரு காலத்தில் சட்டம் கடுமையாகத்தான் இருந்தது. 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தெரிந்தே தன்னை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வந்த மறைக்கல்வி நூலின் 2282-ஆம் எண், கடும் மனநலக் கோளாறும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அடுத்த எண், இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. பல்லாயிரம் பேரைப் புனிதர்களாகப் போற்றும் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றியும் அறிவித்ததில்லை.

“அன்பே உருவான கடவுள் நரகத்தை எதற்கு வைத்தார்?” என்று அந்த அம்மாவின் மகள் கேட்டாள். நரகமே இல்லை என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. அது அவர்களுடைய விசுவாசத்தைக் கையாள்வதாகிவிடும். திருச்சபை சொல்வதையே சொன்னேன்: கடவுள் யாரையும் அங்கே தள்ளுவதில்லை, யாருக்கும் அதை முன்கூட்டியே விதிப்பதுமில்லை. அன்பைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதால், ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை மனிதனுக்கு இருக்கிறது. அந்த மறுப்பைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளும் நிலைதான் நரகம். அந்த நிலைக்குக் கொண்டுபோகும் சாவான பாவத்துக்கே கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும்.

இங்கிருந்து என் துறை. கடும் மனச்சோர்வு ஒரு மனிதனிடமிருந்து முதலில் பறிப்பது அந்த முழுச் சம்மதத்தைத்தான். பிழைத்து வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இது: எல்லாக் கதவுகளும் சாத்திக்கொண்டது போலிருந்தது, அம்மா முகம்கூட நினைவுக்கு வரவில்லை. அவர்கள் யாரையும் மறுக்கவில்லை. வலி நிற்க வேண்டும் என்று மட்டும் தவித்தார்கள். நம் நாட்டுச் சட்டமும் இதை ஏற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கருதச் சொல்கிறது.

நான் ஆலோசகர் மட்டும்தான். பாவமன்னிப்பு பற்றிய கேள்விக்கு என் வாயிலிருந்து வரும் பதில் போதாது. அந்த அம்மாவின் அனுமதியோடு பங்குத்தந்தையிடம் பேசினேன். பங்குத்தந்தை அவர்கள் வீட்டுக்கே வந்து, அந்தச் சிறு மன்றாட்டை முழுதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். நரக நெருப்போடு நின்றுபோன ஜெபத்தில் அடுத்து வருவது, ‘எல்லாரையும்’ விண்ணகப் பாதையில் நடத்தும்படி கேட்கும் வரி. அதற்கடுத்தது, இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு உதவும்படி கேட்பது.

“அந்த வரி என் பிள்ளைக்குத்தான், மேடம்” என்றார் அடுத்த முறை வந்தபோது. முழுதாகச் சொல்ல இன்னும் முடியவில்லை. அந்த இடத்தை மகள் சொல்ல, மீதியை அவர் தொடர்கிறார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மகனின் கல்லறைக்கு முதல்முறையாகப் போனார். சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் கொண்டு போனாராம். காற்றில் மூன்று முறை அணைந்தது. நான்காம் முறை மகள் துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள்.