தட்டான் துரத்தறதில்ல, முன்னாடி போய் மறிக்குது

"சாயங்காலம் நாயைக் கூட்டிட்டு ஏரிக்கரையில நடக்கறப்ப, தட்டான் விர்ருனு மேல போயிட்டு திரும்ப அதே குச்சிலயே வந்து உக்காருதே, ஏன்?"னு ஒரு வாசகர் கேட்டிருந்தாங்க. வேட்டைங்க அது! எங்க சிங்காநல்லூர் குளத்துல தினமும் பாக்கலாம், சம்புத் தண்டு நுனியில ஒரு ஆரஞ்சு தட்டான், கிட்ட போய் குனிஞ்சு பாருங்க, உடம்பு அசையாது, தலை மட்டும் டக் டக்னு திரும்பும், சட்டுனு காணோம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்து உக்காந்து மென்னுட்டு இருக்கும்.

எங்க நாய் மணி, கொக்கைப் பாத்தா கொக்கு இருக்கற இடத்தைப் பாத்தே ஓடுவான், அது நகர நகர இவனும் வளைஞ்சு வளைஞ்சு ஓடி கடைசில தண்ணியோரம் நிப்பான். தட்டான் அப்படி இல்ல, கொசு இப்ப இருக்கற இடத்தை விட்டுட்டு அடுத்து எங்க வரப்போகுதோ அங்க போகுது. கப்பல் ஓட்டறவங்களுக்கு இது தெரியும், எதிர்ல வர்ற கப்பல் ஒரே கோணத்துல தெரிஞ்சுட்டே கிட்ட வந்தா மோதப்போகுதுனு அர்த்தம். அந்த மோதலைத் தட்டான் வேணும்னே உண்டாக்குது! இரை நகர்றதுக்கு ஏத்த மாதிரி தலையைத் திருப்பி, அதைக் கண்ணுல ஒரே புள்ளியில பிடிச்சு வெச்சுக்குது. தலைக்கும் உடம்புக்கும் குட்டிக் குட்டி மார்க்கர் ஒட்டிப் பறக்கவிட்டு 2015-ல அமெரிக்காவுல ஒரு டீம் இதை அளந்தாங்க, தன்னோட உடம்பு திரும்பினா பார்வை எவ்வளவு விலகும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு தலையைத் திருப்புதுனு தெரிய வந்துச்சு.

இரை எந்தப் பக்கம் போகுதுங்கற தகவலை மூளையிலிருந்து இறக்கைக்குக் கொண்டுபோறது வெறும் 16 நரம்பு செல்லுங்க! நாலு இறக்கைக்கும் தனித்தனித் தசை இருக்கறதால உடனே திரும்பிக்குது. லேப்ல 100 தடவை போனா 90-க்கு மேல பிடிச்சிருக்கு, எந்தப் புலிக்கும் இந்தக் கணக்கு கிடையாது.

பூச்சி ஆராய்ச்சிக்கு எதுக்குக் காசுனு கேக்கறவங்க மேல எனக்கு நிஜமாவே கோவம் வரும், கொசுவுக்குப் புகை அடிக்க வருஷா வருஷம் செலவு பண்றோம், தண்ணிக்குள்ள கொசுப்புழுவைத் தின்னு வளர்றதே தட்டானோட குஞ்சுதான். அது இறக்கை விரிக்க ஒரு தண்டைப் பிடிச்சு மேல ஏறணும், நாம கரையெல்லாம் சுத்தம் பண்றோம்னு சம்பை வெட்டிட்டு கல்லு பதிக்கறோம். நாளைக்கு போறப்ப சம்புத் தண்டுல தண்ணிக்கு ஒரு சாண் மேல பாருங்க, முதுகு கிழிஞ்ச பழுப்பு நிறக் கூடு ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும், அதுலருந்து வெளிய வந்ததுதான் உங்க தலைக்கு மேல சுத்துறது.