கோபாலிலிருந்து ஜாவாவுக்கு: 400 ரூபாய் 200 ஆவது எப்படி?

மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் ஓடும், கோபால் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய நிரலை வரிக்கு வரி இன்னொரு நிரல்மொழியான ஜாவாவாக்கித் தர இன்று கருவிகள் இருக்கின்றன. வெளிவருவது ஜாவா உடுப்பு போட்ட கோபால்தான்; தொழிலில் இருப்பவர்கள் அதை ‘ஜோபால்’ என்று கிண்டல் செய்வார்கள். படிக்க அசிங்கமாக இருந்தாலும் ஓடிவிடும். சிக்கல் வருவது கோபால் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகளில்.

வட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இருப்பு 12,345.67 ரூபாய், ஆண்டு வட்டி 7.25 சதவீதம். ஒரு மாத வட்டி 74.5884... வரும். இரண்டு தசம இடமுள்ள புலத்தில் (மதிப்பை வைக்கும் இடத்தில்) இதைப் போட்டால் கோபால் 74.58 என்று வெட்டிவிடும். நிரலில் ‘ரவுண்டட்’, அதாவது முழுமையாக்கு, என்று எழுதியிருந்தால் மட்டுமே 74.59. மாற்றி எழுதுபவர் பழக்கதோஷத்தில் எல்லா இடத்திலும் முழுமையாக்கினால் ஏறத்தாழ பாதிக் கணக்குகளில் ஒரு பைசா கூடும். பத்து லட்சம் கணக்கு என்றால் மாதம் சுமார் 5,000 ரூபாய் இடிக்கும்.

ஜாவாவில் பணத்துக்கு ‘டபுள்’ என்ற எண் வகை கூடவே கூடாது. அதில் 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் 0.30000000000000004. தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் ‘பிக்டெசிமல்’ வகைதான் சரி, ஆனால் அதற்கும் மதிப்பை மேற்கோள்குறிக்குள் எழுத்தாகத்தான் கொடுக்க வேண்டும்; டபுளாகக் கொடுத்தால் அதன் பிழையும் கூடவே உள்ளே வந்துவிடும். வெட்டுவதற்கு ‘டவுன்’, ரவுண்டட் இருந்த இடத்துக்கு ‘ஹாஃப் அப்’. ஒப்பிட ‘கம்பேர்டூ’ போடுங்கள்: ‘ஈக்வல்ஸ்’ 2.0-ஐயும் 2.00-ஐயும் வேறு வேறு என்று சொல்லும்.

தரவை நகர்த்துவது இதைவிட வஞ்சகமானது. மெயின்ஃப்ரேம் எழுத்துகளை எப்சிடிக் என்ற குறியீட்டில் (ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறை) வைக்கிறது. ஜாவா ஓடும் சர்வரில் பெரும்பாலும் ஆஸ்கி என்ற வேறு முறையின் வழி வந்த குறியீடு. எண்களோ பல இடங்களில் ‘காம்ப்-3’ வடிவில், ஒரு பைட்டில் இரண்டு இலக்கமாக, கடைசி அரை பைட்டில் குறியுடன் இருக்கும்: சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல். ஐந்து இலக்கப் புலத்தில் 400 என்பது 00 40 0சி. கோப்பை ‘டெக்ஸ்ட்’ முறையில் எஃப்டிபி (கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் முறை) செய்தால், அந்த 40-ஐ எப்சிடிக் இடைவெளி என்று நினைத்து ஆஸ்கி இடைவெளியான 20 ஆக்கிவிடும். மற்ற இரண்டு பைட்டும் அப்படியே இருக்கும். கிடைப்பது 00 20 0சி, அதாவது 200. பிழைச் செய்தி எதுவும் வராது! ஆகவே பைனரியாக, அதாவது பைட்டுகளை மாற்றாமல், இறக்கி, பதிவின் அமைப்பைச் சொல்லும் காப்பிபுக்கைப் பார்த்துப் புலம் புலமாக மாற்றுவதுதான் வழி. ‘ரீடிஃபைன்ஸ்’ இருக்கும் பதிவில் ஒரே பைட்டுகளுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. எது பொருந்தும் என்பதைப் பதிவின் வகைக் குறியீடு சொல்லும்.

வரிசையும் மாறும். எப்சிடிக்கில் எழுத்துகளுக்குப் பிறகுதான் எண்கள், ஆஸ்கியில் எண்கள் முதலில். வரிசைப்படுத்திய இரண்டு கோப்புகளைப் பொருத்திச் செல்லும் பேட்ச் (மொத்தமாக ஓட்டும்) வேலையில் ஒன்று பழைய வரிசையிலும் மற்றது புதியதிலும் இருந்தால், பொருந்த வேண்டிய பதிவுகள் நழுவிப் போகும்.

சோதிக்க, ஒரே உள்ளீட்டை இரண்டு நிரலுக்கும் கொடுத்து வெளியீட்டைப் பைசா வரை ஒப்பிட வேண்டும். மாதக் கடைசி, ஆண்டுக் கடைசி, பிப்ரவரி 29 மூன்றும் அதில் கட்டாயம். பழைய நிரலில் தவறு கண்டால் அதையும் முதலில் அப்படியே ஜாவாவில் எழுதுங்கள். திருத்தம் ஒப்பீடு முடிந்த பிறகு. முன்னதாகச் செய்தால் வரும் வித்தியாசம் திருத்தத்தாலா, மாற்றத்தாலா என்று பிரித்துப் பார்க்க முடியாது.