குடலுக்கும் கசப்பு தெரியும்

காரைக்குடி வாசகி ஒருவர் கேட்கிறார்: "பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். சுண்டை வற்றல் இருக்கும்போது மாத்திரை எதற்கு என்கிறார் எங்கள் அப்பத்தா. யார் சொல்வது சரி?"

மாத்திரையைக் கட்டாயம் போடுங்கள். அந்த மாத்திரையில் இருக்கும் அல்பெண்டசோல் என்ற மருந்து, புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் பட்டினி கிடந்து சாகிறது. இது மனிதர்களிடம் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த மருந்து. சுண்டைக்கு அந்தச் சான்று இல்லை.

ஆனாலும் அப்பத்தாவின் பேச்சைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சுண்டை, கத்தரிக்குச் சொந்தக்காரச் செடி. அதன் கசப்புக்குக் காரணம் ஸ்டீராய்டு கிளைக்கோசைடுகள் என்ற வேதிப்பொருள்கள். காயைத் தட்டி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பது செட்டிநாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பிலுள்ள சோடியம் நாக்கில் கசப்பை அடக்கிவிடும்.

நாக்கை ஏமாற்றலாம், குடலை? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. கசப்பை அறியும் ஏற்பிகள், அதாவது கசப்பை உணரும் புரதங்கள், மனிதருக்குச் சுமார் 25 வகை. அவை நாக்கில் மட்டும் இல்லை, குடல் சுவரிலும் இருக்கின்றன. அங்கே கசப்பு பட்டால் நமக்குச் சுவை தெரியாது. பதிலாக, செரிமானத்தையும் பசியையும் கட்டுப்படுத்தும் ஹார்மோன்கள் சுரக்கின்றன. அதே குடல் சுவரில் 'டஃப்ட்' செல்கள் என்று சில உண்டு. நாக்கு சுவையறியப் பயன்படுத்தும் அதே மூலக்கூறுகளை வைத்து அவை புழு வந்திருப்பதை மோப்பம் பிடிப்பதை 2016இல் எலிகளில் கண்டறிந்தார்கள். உடனே அவை இன்டர்லூக்கின்-25 என்ற சமிக்ஞையை அனுப்புகின்றன. சளி பெருகுகிறது, குடல் தசை சுருங்குகிறது, புழு வெளியே தள்ளப்படுகிறது. புழுவைச் சுவைத்தே கண்டுபிடிக்கிறது குடல்!

சரி, சுண்டையின் கசப்பு இந்தச் செல்களை உசுப்புமா? சோதித்துத்தான் சொல்ல வேண்டும். கத்தரியைச் சுண்டை வேரில் ஒட்டுக்கட்டினால், மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நூற்புழுவைத் தாங்குகிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது வேரின் குணம், அதை வைத்துக் காயைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சித்த மருத்துவத்தில் சுண்டை வற்றல் சூரணத்தைக் கழிச்சலுக்கு (வயிற்றுப்போக்குக்கு) கொடுக்கிறார்கள். இவ்வளவு பழக்கமான பொருள் புழுவுக்கு உதவுமா என்று ஆராய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். பெரிய செலவும் ஆகாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு, ஒரு பாதிப் பேருக்கு மட்டும் வற்றலும் கொடுத்து, மறுபடி புழு யாருக்கு அதிகம் வருகிறது என்று மலத்தில் முட்டைகளை எண்ணிப் பார்க்கலாம்.