17 வருட வேலைக்கு ஒரு சேர்டிபிகேட்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணன், 17 வருடமாக வயரிங் வேலை. ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலைக்குப் போனார். "என்.வி.கியூ இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றில் சேர் என்று யாரோ சொல்ல, காசு கட்டப் புறப்பட்டுவிட்டார். நல்லவேளை, வழியில் பிடித்தேன்.

என்.வி.கியூ என்றால் தேசிய தொழிற்தகைமை. அதில் ஏழு மட்டங்கள். கைத்தொழில்காரருக்குப் பெரும்பாலும் 3, 4தான் கதை. வேலையிலேயே தொழில் பழகியவர் வகுப்புக்குப் போகாமல் மதிப்பீட்டுக்குப் போய் அதை எடுக்கலாம். 'ஆர்.பி.எல்', அதாவது முன்பே கற்றதை அங்கீகரித்தல், என்று கேளுங்கள். ராஜகிரியவில் உள்ள நைட்டாவில் (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) செய்கிறார்கள்.

இனித்தான் சிக்கல். முதலாவது, வேலை கொடுத்தவர் தரும் சேவைக் கடிதம். அண்ணன் கொண்டுவந்த கடிதத்தைப் பார்த்தேன்: "இவர் நேர்மையானவர், குடிப்பழக்கம் இல்லாதவர்." வயரிங் என்ற சொல்லே அதில் இல்லை! என்ன வேலை, எந்தத் திகதியிலிருந்து எதுவரை, அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், கையொப்பம், தொலைபேசி இலக்கம் எல்லாம் இருக்க வேண்டும். சப் கொன்ட்ராக்ட் பாஸிடம் வேலை செய்பவர்கள், சண்டை பிடித்து விலகுவதற்கு முன்பே கடிதத்தை வாங்கிவிடுங்கள். செய்த வேலையை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். டிஸ்ட்ரிபியூஷன் போர்டைத் திறந்தபடி எடுத்த ஒரு படம் பத்து நற்சான்றிதழுக்குச் சமம்.

அடுத்தது தொழிலின் பெயர். வெல்டர் வேறு, அலுமினியம் ஃபப்ரிகேட்டர் வேறு. இரண்டும் தெரிந்தவர் தவறான பெயரில் விண்ணப்பித்தால், கையில் சேர்டிபிகேட் இருந்தும் வேலைக்காரர் தேடுகிறவர் பார்வையில் அவர் தகுதியில்லாதவர். போக நினைக்கும் வேலையின் விளம்பரத்தில் எந்தத் தொழில், எந்த மட்டம் என்று பார்த்துவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள்.

அலுவலகத்தில் "சேர் ஃபீல்டுக்குப் போயிட்டார், திங்கள் வாங்க" என்பார்கள். ஒரு இடத்தில் இதையே மூன்று திங்கள் கேட்டோம். நாள்கூலி போகும் ஆளுக்கு அது மூன்று நாள் சம்பளம். விண்ணப்பத்தைக் கொடுத்த திகதியோடு பிரதியில் முத்திரை வாங்குங்கள். மதிப்பீடு தமிழில் வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். தமிழும் அரசகரும மொழிதான், கெஞ்ச வேண்டியதில்லை.

கோர்ஸ் விற்பவர்கள் "அரசாங்கப் பதிவு" என்று பலகை போடுவார்கள். நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, அந்தக் கோர்ஸுக்கு என்.வி.கியூ அங்கீகாரம் இருப்பது இன்னொன்று. நாரஹேன்பிட்டியில், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் விசாரித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

மதிப்பீட்டு நாளில் ரப்பர்ச் செருப்போடு போகாதீர்கள். அனுபவசாலிகள் சறுக்குவது வேலையில் அல்ல, பாதுகாப்பில்தான். மெயினை நிறுத்தாமல் வயரில் கை வைக்கும் பழக்கத்தை மதிப்பீட்டாளர் உடனே குறித்துக்கொள்வார். "இன்னும் தேர்ச்சி இல்லை" என்று வந்தால், எந்தப் பகுதியில் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பகுதியை மட்டும் திரும்பச் செய்ய முடியுமா என்று அங்கேயே விசாரிக்காமல் எழும்பி வராதீர்கள்.