டிரெஞ்ச்: பதுங்குகுழியா, அகழியா?

முதல் உலகப்போரைப் பற்றித் தமிழில் எழுதும்போது, படைவீரர் இறங்கி நின்று சுட வெட்டும் பள்ளமான ‘டிரெஞ்ச்’ வந்தால், கை தானாகவே பதுங்குகுழி என்று எழுதிவிடும். செய்திக்கு அது போதும், பழைய போர்க்களங்களின் எச்சங்களை ஆராயும் போர்க்களத் தொல்லியலுக்குப் போதாது. குழி ஓரிடத்தில் இருப்பது. டிரெஞ்ச் நீண்டு ஓடுவது. மலை முகட்டில் கிலோமீட்டர் கணக்கில் வளைந்து நெளிந்து போகும் வெட்டைக் குழி என்றால், அதன் உருவமே மனத்தில் வராது.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. வேர்ப்பொருள் ‘வெட்டு’. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் அது காட்டை வெட்டித் திறந்த பாதையைக் குறித்தது. ஒடுங்கிய நீளப் பள்ளம், போர்க்களப் பள்ளம் என்பதெல்லாம் பிறகு வந்த பொருள்கள்.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு அகழி. அகழ் என்றால் தோண்டு. அகழாய்வும் அதே வேர்தான். ஆனால் அகழி என்றதும் கோட்டையைச் சுற்றிய நீரும் முதலையும்தான் நினைவுக்கு வரும். (சங்க இலக்கியத்தில் இதற்குக் கிடங்கு என்றும் பெயர். இன்று கிடங்கில் நெல்மூட்டை இருக்கிறது, அது வேறு கதை.) கோட்டை அகழி எதிராளி இறங்கக் கூடாது என்று வெட்டியது. டிரெஞ்ச் நம் ஆள் இறங்கி நிற்க வெட்டியது. ஆகவே வெறும் அகழி போதாது. ‘பதுங்கு அகழி’ என்றால் நீளமும் வந்துவிடும், வேலையும் புரிந்துவிடும். பதுங்குகுழியை, குண்டு விழும்போது ஒளிந்துகொள்ளும் பங்கருக்கே விட்டுவிடலாம்.

இப்படிப் பிரிக்க இன்னொரு காரணமும் உண்டு. தொல்லியலாளர் தாம் தோண்டும் வெட்டையும் ஆங்கிலத்தில் டிரெஞ்ச் என்றே சொல்கிறார்கள். தமிழில் அது அகழாய்வுக் குழி. போர்க்காலத்துப் பள்ளத்தையும் குழி என்றால், எந்தக் குழிக்குள் எந்தக் குழி என்று வாசகர்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

சரி, மலைக்கு வருவோம். 1915 மே 23 அன்று இத்தாலி ஆஸ்திரியா-ஹங்கேரிமீது போர் அறிவித்தது. அதன்பின் ஆல்ப்ஸ் முகடுகளும், இசொன்சோ ஆற்றை ஒட்டிய சுண்ணாம்புக்கல் மேடுகளும் போர்முனையாயின. அங்கே மண்வெட்டிக்கு வேலை குறைவு. பாறையைத் துளையிட்டு, வெடிவைத்து, சிதறிய கல்லை முன்னால் அடுக்கினார்கள். குண்டு விழுந்தால் பாறைச் சில்லுகளும் பறந்து ஆளைக் கொன்றன. தோண்டவே முடியாத இடத்தில் கல்லை அடுக்கியதுதான் காப்பு. இப்படிப்பட்ட கல்லடுக்கைப் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் ‘சங்கர்’ என்றார்கள். பாரசீகத்தில் சங் என்றால் கல். 1999 கார்கில் போரிலும் இந்தச் சொல் புழங்கியது. இதற்குக் கல்லரண் என்பது கச்சிதமாகப் பொருந்தும்.

மொத்தமாக இவற்றுக்குக் கள அரண் என்று பெயர் வைக்கலாம். மலையையே அரணாக எண்ணும் வழக்கம் தமிழுக்குப் பழையது: ‘மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்’ என்கிறது குறள் (742).

தொல்லியல் இங்கே என்ன படிக்கிறது? ஒரு பதுங்கு அகழியின் குறுக்குவெட்டைப் பாருங்கள். எதிரி இருக்கும் பக்கம் மண்ணோ கல்லோ குவிந்திருக்கும். அதே பக்கம் உள்ளே, ஏறி நின்று சுட ஒரு படி. அகழி கைமாறினால், வந்தவர் எதிர்ப்பக்கத்தில் புதுப் படி வெட்டி, பழைய முதுகை முகமாக்கிக்கொள்வார். இரண்டு பக்கமும் படி இருந்தால், அந்த அகழி கைமாறியிருக்கலாம் என்று ஊகிக்கலாம். நேர்கோட்டில் வெட்டாமல் வளைத்ததும் காரணத்தோடுதான்: ஒரு குண்டின் வீச்சோ, ஓரத்திலிருந்து வரும் துப்பாக்கிச் சூடோ முழு நீளத்தையும் வாரிக்கொண்டு போகக் கூடாது.

சமவெளியில் இந்தக் கோடுகளைப் பல இடங்களில் ஏர் அழித்துவிட்டது. மரம் வளராத உயரத்தில் உழ யாரும் வரவில்லை, அப்படியே கிடக்கின்றன. இத்தாலிய ஆல்ப்ஸில், 3,629 மீட்டர் உயரத்தில் புன்டா லிங்கே என்ற இடத்தில் ஆஸ்திரியப் படையின் கம்பிவடப் பாதை நிலையம் பனிக்குள் உறைந்திருந்தது. பனிப்பாறை உருகி விலக, ட்ரென்டோ மாகாணத் தொல்லியலாளர்கள் அதை அகழ்ந்தார்கள். கிடைத்தவற்றில் என்னை நிறுத்தியது வைக்கோலில் பின்னிய பெரிய காலுறைகள். பூட்சுக்கு மேல் மாட்டிக்கொண்டு பனியில் காவல் நிற்க.

இத்தாலியரிடம் சொல் பஞ்சம் இல்லை. போர்ச் சின்னங்களைக் காக்க 2001இல் அவர்கள் இயற்றிய சட்டம் கள அரண், ‘ட்ரிஞ்சேயா’, சுரங்கம், ‘கம்மினமென்டோ’ என்று தனித்தனியாகப் பட்டியல் போடுகிறது. ட்ரிஞ்சேயா சுடுவதற்கான அகழி. கம்மினமென்டோ, சோறும் தோட்டாவும் பின்னாலிருந்து கொண்டுவர, காயம்பட்டவரைத் தூக்கிப்போக. அதன் வேர் ‘நட’ என்னும் வினை. தமிழில் அதை நடை அகழி என்று தயங்காமல் எழுதலாம்.