டர்பனுக்கு ஒரு புளோயர், ஜோகன்னஸ்பர்க்குக்கு ஒரு புளோயர்

ஆறு லிட்டர் வி8 எஞ்சினோடு பழைய ஷெவ்ரோலெட் லுமினா ஒன்று கையில் இருக்கிறது, அதில் சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினின் பெல்ட்டில் ஓடிக் காற்றை உள்ளே திணிக்கும் புளோயர், பூட்டி 500 கிலோவாட் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவிலும் வண்டிப் பைத்தியம் பிடித்த நம் பிள்ளைகள் கூடினால், "அண்ணா, எவ்வளவு பூஸ்ட் வைக்கலாம்?" என்றுதான் பேச்சு தொடங்கும். அந்த இடத்திலேயே வழி தவறிவிடுகிறது. முதலில் கேட்க வேண்டியது வேறு: எஞ்சினுக்கு நிமிடத்துக்கு எத்தனை கிலோ காற்று வேண்டும்?

பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பம்ப் வைத்துத் தள்ளிவிடலாம். அது எரியக் காற்று வேண்டுமே, அதுதான் பெரும்பாடு. சூப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சின் முழு வேகத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 12 பங்கு காற்றைக் கேட்கும், எடைக்கு எடை. இந்தக் கணக்கில் 500 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 33 கிலோ காற்று ஆகிறது. மூன்றே நிமிடத்தில் இரண்டு சிமெண்டு மூட்டை எடையுள்ள காற்று அந்த பானெட்டுக்குள் போய் வரவேண்டும். புளோயரின் அளவைத் தீர்மானிப்பது இந்த 33 தான்.

அப்படியானால் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் ஏறும் அழுத்தம், அதன் மீட்டர் எதைக் காட்டுகிறது? புளோயர் தள்ளிய காற்றில் எஞ்சின் விழுங்க முடியாமல் வாசலில் தேங்கியதன் அழுத்தத்தை. அதே புளோயர், அதைப் பெல்ட்டில் சுழற்றும் அதே புல்லி. சிலிண்டர் ஹெட்டை மட்டும் காற்று தாராளமாகப் போகும்படி மாற்றிப் பாருங்கள். பூஸ்ட் இறங்கும், பவர் ஏறும். முள் இறங்கியதும் புளோயர் கெட்டுவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற ஒன்றுமில்லை, வேலை நடக்கிறது.

ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ என்ற இரண்டு வகைப் புளோயரிலும் அளவு என்றால், உள்ளே ஜோடியாகச் சுழலும் ரோட்டார் ஒரு சுற்று சுற்றினால் எத்தனை லிட்டர் காற்றை எடுத்துப் போகும் என்பதுதான். ரூட்ஸ் வகை மிகப் பழசு. அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கியது. காருக்கு வந்தது வெகுகாலம் கழித்து. இப்போது நம் கணக்குக்கு வருவோம். டர்பன் கடற்கரையில், 25 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.18 கிலோ எடை. ஆக, 33 கிலோ வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 28,000 லிட்டரை உள்ளே இழுக்க வேண்டும். 2.3 லிட்டர் புளோயர், இடுக்கு வழியாகப் பின்னால் கசிவது போக, சுற்றுக்கு 2.1 லிட்டர் கொடுக்கும். எனவே அது நிமிடத்துக்கு 13,300 சுற்று வேகத்தில் ஓட வேண்டும். எஞ்சினின் உச்ச வேகம் 6,500 என்றால் புல்லி விகிதம் இரண்டுக்குக் கொஞ்சம் மேல். இது நடக்கக்கூடிய கணக்கு. 2015-இல் வந்த டாட்ஜ் ஹெல்கேட்டின் 2.4 லிட்டர் ட்வின் ஸ்க்ரூ 14,600 சுற்று வரை போகிறது, பவர் 707 குதிரைத்திறன், அதாவது 527 கிலோவாட்.

அதே வண்டியை என்3 நெடுஞ்சாலையில் மேலே ஓட்டிப் போங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, மூய் ரிவர் தாண்டி, வான் ரீனன் கணவாய் ஏறும்போதே வித்தியாசம் தெரியும். டர்பனில் முழு மிதியில் 0.75 பார் காட்டிய முள், 1,750 மீட்டர் உயரத்து ஜோகன்னஸ்பர்க்கில் 0.62 பாரில் நின்றுவிடும். எதுவும் கசியவில்லை. பெல்ட்டில் கட்டுண்ட புளோயர் வெளிக்காற்றை இத்தனை மடங்கு என்றுதான் அழுத்தும். வெளிக்காற்றே 101 கிலோபாஸ்கலிலிருந்து 83-க்கு இறங்கிவிட்டால் அது என்ன செய்யும்?

டர்போவுக்கு இந்தக் கட்டு இல்லை. அதை ஓட்டுவது பெல்ட் அல்ல, எஞ்சின் வெளியே தள்ளும் புகை. மெல்லிய காற்றில் இன்னும் வேகமாகச் சுற்றி, இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுவிடும். 1979-இல் கியாலாமியில், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, ஜான்-பியர் ஜபூயீ ரெனோ டர்போவில் தகுதிச்சுற்றில் பிடித்த முதலிடம்தான் ஃபார்முலா ஒன்னில் டர்போ காருக்குக் கிடைத்த முதல் போல் பொசிஷன். அது அந்த ஊரில் நடந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

சூப்பர்சார்ஜர்காரர்கள் உயரத்துக்கான விலையைப் புல்லியிலும் அளவிலும் கொடுத்தாக வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கன மீட்டர் காற்று 0.97 கிலோதான். அதே 33 கிலோவுக்கு 34,000 லிட்டர் இழுக்க வேண்டும். 2.3 லிட்டர் புளோயர் 16,000 சுற்றைத் தாண்டிவிடும். அந்த அளவுப் புளோயருக்கு அது அதிகம். வேகத்துக்காக மாட்டும் சின்னப் புல்லியில் பெல்ட் வழுக்கும், பேரிங் தேயும், எல்லாவற்றுக்கும் மேல் சூடு.

சூட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டர்பனில் இந்த எஞ்சினுக்குக் காற்றை 1.75 மடங்கு அழுத்தினால் போதும். நல்ல புளோயரிலிருந்து வெளிவரும் காற்று 105 டிகிரி இருக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் 2.13 மடங்கு, 136 டிகிரி. இந்தச் சூடு எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கிலிருந்து திருடிய பவர்தான்: கீழே 44 கிலோவாட், மேலே 61 கிலோவாட். தகுதிக்கு மீறி ஓடும் சின்ன புளோயரில் இது இன்னும் ஏறும். அதனால் ஜோகன்னஸ்பர்க்கில் நான் 2.65 லிட்டருக்குப் போகத்தான் சொல்வேன். 13,900 சுற்றிலேயே வேலை முடிகிறது.

சரி, 4 லிட்டர் போட்டுவிட்டால் கவலையே இல்லையே என்று தோன்றும். மெதுவாக ஓடும் பெரிய ரோட்டாரில் கசியும் பங்கு அதிகம். 2,000 சுற்றில் வண்டி மந்தமாக இருக்கும். எடையும் கூடும், பானெட்டையும் வெட்ட வேண்டிவரும். தொழிற்சாலைகளும் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தடுமாறியவைதான். கார்வெட்டின் 6.2 லிட்டர் எஞ்சினுக்கு 2009-இல் 2.3 லிட்டர் புளோயர் வைத்தார்கள். 2015-இல் 1.7 லிட்டராகக் குறைத்து 20,000 சுற்று வரை ஓட்டினார்கள். பந்தயத் தடத்தில் சூடாகிறது என்ற புகார் எழுந்து, 2017 மாடலில் பானெட்டின் காற்றுத் துளைகளைப் பெரிதாக்கினார்கள். 755 குதிரைத்திறன் தேவைப்பட்ட 2019 இசட்ஆர்1-க்கு 2.65 லிட்டர் வந்தது.

விசிறி போன்ற சக்கரத்தால் காற்றை வீசி அழுத்தும் சென்ட்ரிஃபியூகல் வகையில் லிட்டர் கணக்கு கிடையாது. பூஸ்ட் அங்கே வேகத்தின் இருமடிக்கு ஏறும். பாதி வேகத்தில் கால்வாசிதான் கிடைக்கும். அதைத் தயாரிப்பாளரின் வரைபடத்தில், உங்கள் 33 கிலோவும் அழுத்த விகிதமும் சந்திக்கும் புள்ளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிதாகிவிட்டால் குறைந்த ஓட்டத்தில் காற்று முன்னும் பின்னும் அலைமோதும்.

பெட்ரோலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹவ்டெங் மாகாணத்தின் பக்கம் 93 ஆக்டேன் விற்பதற்குக் காரணம், மெல்லிய காற்றில் நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறி வெடிப்பது, குறைவு என்பது. புளோயர் போட்டு சிலிண்டருக்குள் கடல் மட்டத்தையும் மிஞ்சிய அழுத்தத்தைக் கொண்டுவந்த பிறகு அந்தச் சலுகை இல்லை. 95 தான் ஊற்ற வேண்டும்.

அப்புறம், டிசம்பர் விடுமுறை. ஜோகன்னஸ்பர்க்கில் ட்யூன் செய்த வண்டிகள் வரிசையாகக் கடற்கரைக்கு இறங்கும் மாதம். மேலே 2.13 மடங்கு அழுத்திய புளோயர் கீழேயும் அதே மடங்குதான் அழுத்தும். இங்கே அது நிமிடத்துக்கு 40 கிலோ காற்று. 33 கிலோவுக்குக் கணக்குப் போட்ட இன்ஜெக்டரும் பம்பும் அதற்கு ஈடுகொடுக்காது. கலவையில் பெட்ரோல் குறையும், நாக்கிங் வரும், பிஸ்டன் உருகும். கிளம்பும் முன் 75 மில்லிமீட்டர் புல்லியைக் கழற்றிவிட்டு 91 மில்லிமீட்டர் புல்லியை மாட்டினால் புளோயர் 11,500 சுற்றுக்கு இறங்கி, காற்று மறுபடி 33 கிலோவில் வந்து நிற்கும். பெல்ட்டும் அதற்கேற்ற நீளத்தில் வேறு வேண்டும், அதையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.